பதிவேட்டில் ஒன்பது பெயர்கள்

திடீரென எழுந்த ஊர்தியின் ஊதலொலி, குறுவை அறுத்த வயல்களில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகளை ஒருசேர மேலெழுப்பியது. வைக்கோல் மணம் கமழும் அந்தக் காலைப்பொழுதில், காவிரியின் கிளையாறு நாணலைத் தழுவிச் சோம்பி நடக்க, குடவாசலுக்குத் தெற்கேயிருந்த அச்சிற்றூரின் அரசு அலுவலக வாயிலில் புழுதி அடங்குமுன் துணை ஆட்சியர் துரைராசு இறங்கினார். பின்கட்டு ஆவண அறையின் காப்பாளர் சேக் தாவூது, அவரை எதிர்கொள்ள விரைந்தார்.

படிப்போரே, அது கழக ஆட்சியில், நிலத்தை உழுவோரின் குத்தகை உரிமையைப் பதியச் சட்டம் வந்திருந்த காலம். பதிவு கேட்டவனை நிலம் உடையவர் வரப்பிலிருந்து விரட்டுவதும், விரட்டப்பட்டவன் இரவோடிரவாக வந்து நடுவதும் ஊர்தோறும் நிகழ்ந்தன. இவன் என் நிலத்தை உழுததே இல்லை என்று உடையவர் சாதித்தால், ஆம் உழுதான் என்று சொல்ல அந்த அறையின் பழைய சாகுபடிக் கணக்கையன்றி வேறு நாவில்லை. ஆயினும் மேலிடத்திலிருந்து ஆணை வந்தது: மூன்று திங்களில் அறையின் பயனை எண்ணிக்கையால் காட்டுக, இல்லையேல் கட்டுகள் யாவும் தஞ்சைக்குச் செல்லும்.

அதனால் கலங்கிய தாவூது, தம் கைப்பொருளில் தடித்த பதிவேடொன்று வாங்கிப் பெயர், ஊர், கேட்ட கட்டு என்று கோடிட்டு, கடைசிக் கட்டத்தை ஒப்பத்துக்கும் கைநாட்டுக்கும் ஒதுக்கி, நீலமைப் பெட்டியையும் மேசைமேல் திறந்து வைத்தார். அன்றுமுதல்தான் குழப்பம் தொடங்கியது. முன்பு நாளொன்றுக்கு முப்பது பேர் உள்ளே வந்து நின்ற அறையில் ஒருவரும் நுழையவில்லை. பின்புறச் சன்னலில் நின்று கேட்டார்கள்; அவர் கட்டவிழ்த்துப் படித்துச் சொன்னார்; உள்ளே வந்து பதியுமாறு அழைத்துத் திரும்புவதற்குள் சன்னல் வெறுமையாயிருந்தது.

கைம்பெண் அம்சமும் அவ்வாறே வாரந்தோறும் வந்தாள். அவள் கணவன் பெயர் உழுதவனாக ஒரு பக்கத்தில் இருந்தது. அடுத்த வியாழனன்று விசாரணை. அப்பக்கத்தின் படியைக் காட்டாவிடில் எஞ்சிய நிலமும் போய்விடும். கட்டுகள் தஞ்சைக்குப் போனாலோ அவிழ்க்க அரையாண்டு ஆகும். படி கேட்டு மனு எழுதிக் கைநாட்டு வைத்துக் கொடு என்று தாவூது எத்தனை முறை சொல்லியும், வர்றேங்க என்று நழுவினாள்.

தவணை முடிந்து, எண்ணிக்கையைப் பார்க்க அன்று வந்த துரைராசு ஏட்டைப் புரட்டினார். ஒன்பதே பெயர்கள், ஒன்பதும் நிலவுடையோரின் ஆட்கள்.

"ஒம்பது பேருக்கு ஒரு அறை, ஒரு ஆளு, ஒரு காத்தாடியா?" என்றவர், சன்னலில் அடைந்திருந்த தலைகளைக் கண்டு மேலும் குழம்பினார். "இவங்கள்லாம் யாரு?"

"தினமும் வர்றவங்கதாங்க."

"அப்ப இதுல ஏன் இல்ல?"

"அதுதாங்க எனக்கும் புரியல. ஏடு வைக்கறதுக்கு முந்தி உள்ள வந்தவங்க, வச்சப்புறம் வெளியிலயே நிக்கறாங்க."

அவர் அம்சத்தை உள்ளே அழைத்தார். மேசைக்கு எட்டவே நின்றவள், இரு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். உதவுவதாய் எண்ணித் தாவூது மைப்பெட்டியை அவள்பால் நகர்த்தவே, நெருப்பைக் கண்டவள்போல் பின்வாங்கினாள். ஏனம்மா பதியவில்லை என்று துரைராசு தணிந்த குரலில் வினவினார்.

அவ்வறை அன்று மூடப்படாமற் போனதற்கும், வியாழனன்று அவள் கையில் படி இருந்ததற்கும், எழுதி முடித்த எண்ணிக்கை காரணமன்று. அதில் ஏறாதவர்களின் அச்சத்தை ஓர் அதிகாரி கேட்டறிந்ததே காரணம். பெருகிய கண்ணீரை அடக்கி அவள் சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரரு ரசீதுன்னு நம்பி இதே மாதிரி நீல மையிலதாங்க வெரல வச்சாரு, மூணு மா நிலம் போச்சு, நான் இருக்கறதக் கேக்கத்தாங்க வந்தேன், குடுக்க வரல."