ரோஷன் பீ கேட்ட மறைப்பு

தொப்பூர்க் கணவாயில் பரோட்டாக் கடை வைத்திருந்த முனிராஜுக்கு உயிர்நாடி எங்கே என்று கேட்டால், பக்கத்து வீட்டு ரோஷன் பீயின் கிணற்றைத்தான் காட்டுவான். நாளுக்கு நாற்பது குடம் அங்கிருந்துதான். அது நின்றால் பரோட்டாக் கல்லைக் கவிழ்த்துவிட்டு, சொந்த ஊரான வத்தல்மலைக்கு ராகி விதைக்கப் போக வேண்டியதுதான்.

அந்த ரோஷன் பீ ஒரு நாள் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கறாராகச் சொல்லிவிட்டாள்.

“தம்பி, ஒங் கடைக் கட்டில்ல படுத்துக்கிட்டு டிரைவருங்க எங்க வூட்டையே பாக்குறாங்க. எம் பொண்ணுங்க துணி காயப்போடக்கூட வெளிய வர்றதில்லை. ரம்ஜானுக்குள்ள ஒரு மறைப்பு வையி. இல்லாட்டி என் கெணத்துல ஒன் வாளி எறங்காது.”

ரம்ஜானுக்கு எட்டு மாதம் இருந்தது. ரோட்டை அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு, அதனால் சுவர் வைக்க முடியாது. ஓலைத் தட்டி கட்டிப் பார்த்தான். கணவாய்க் காற்று இரண்டே நாளில் அதைப் பிய்த்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் எறிந்தது. ஐப்பசி மழையில் வரிசையாக மருதாணிக் குச்சி நட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை எல்லாம் அதற்கே ஊற்றினான். சும்மா சொல்லக் கூடாது, வைகாசி முடிவதற்குள் வேலி ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது.

ரம்ஜானுக்கு முந்தின நாள் ரோஷன் பீயே வந்து பார்த்து, “இப்பத்தான் தம்பி நிம்மதியா மூச்சு வருது” என்றாள். முனிராஜுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் காலையில் கடை திறக்க வந்தவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். வேலி முழுக்க வெறும் குச்சி! நுனியெல்லாம் ஒடித்து, ஒரு இலை விடாமல் உருவியிருந்தது. ராத்திரி கட்டிலில் படுத்திருந்த டிரைவர்கள் பல் துலக்கிக்கொண்டே ரோஷன் பீ வீட்டுக் கொல்லையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எந்தப் பாவிடா என் பொழப்புல கை வெச்சது?” என்று கத்தினான். எப்படியும் ரோஷன் பீக்குத் தெரியப் போகிறது, நாமே சொல்லிவிடுவோம் என்று போய்க் கதவைத் தட்டினான்.

திறந்தவள் ரோஷன் பீ. கை இரண்டும் மணிக்கட்டு வரை செக்கச்செவேல். பின்னால் பெருநாளுக்காகப் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்திருந்த நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள். அத்தனை கையும் சிவப்பு. வேலியே பயிரை மேய்ந்த கதை ஊரறிந்தது. பயிர்க்காரியே வேலியை மேய்ந்ததை முனிராஜ் அன்றைக்குத்தான் கண்டான்.

“பிறை தெரிஞ்சதும் நாலு எலை பறிச்சுக்கச் சொன்னேன் தம்பி,” என்றாள் மெதுவாக.

“ஆளுக்கு நாலு கூடைங்களாக்கா?”

நாத்தனார்கள் சிரித்தார்கள். ரோஷன் பீ சிரிக்கவில்லை. “நீ தண்ணி எடுத்துக்க. தப்பு என்னுது. எம் பொண்ணுங்கதான் மறுபடியும் உள்ள ஒக்காந்துக்கிச்சுங்க.”

முனிராஜுக்கு அது பொறுக்கவில்லை. கட்டில்களை வேப்ப மர நிழலிலிருந்து கடையின் மறுபக்கத்து வெயிலுக்குத் தூக்கிப் போட்டான். டிரைவர்கள் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டான்.

வெறும் குச்சி சும்மா இருக்கவில்லை. ஒடித்த நுனி ஒவ்வொன்றிலும் நாலு துளிர் விட்டது. பக்ரீதுக்குள் அடியிலிருந்தே புதராக அடைத்துக்கொண்டது. கட்டில்கள் நிழலுக்குத் திரும்பின, பெண்கள் கொல்லைக்குத் திரும்பினார்கள்.

பக்ரீதுக்கு முந்தின நாள் அதே நாத்தனார்கள் வந்து இறங்கினார்கள். ரோஷன் பீ மூங்கில் கழியோடு வேலிக்குக் காவல் நின்றாள். “பாப்பாரப்பட்டியில மருதாணியே மொளைக்கலையா? தொட்டா கையை ஒடைச்சுப்புடுவேன்!”

தண்ணீருக்குப் போன முனிராஜ் அவள் கையைப் பார்த்தான். வெறும் கை. பெருநாளும் அதுவுமாக இப்படியா என்று மனசு கேட்கவில்லை. தன் பக்கம் வந்து குனிந்து, வெளியே தெரியாத இடமாகப் பார்த்து ஒரு பிடி பறித்தான்.

சளீரென்று மணிக்கட்டில் விழுந்தது கழி.

“யார்ரா அது என் வேலியில?”

“ஐயோ அக்கா, முனிராஜுங்க! ஒங்க கைக்குத்தாங்க பறிக்கிறேன்!”

மறுபடி ஓங்கிய கழி வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கியது.

“நீயா தம்பி? இந்த எலையில ஆளே தெரியலையே!”

“தெரியலைங்களா? நெசமாவே தெரியலைங்களாக்கா?” வீங்கிய கையை உதறிக்கொண்டே முனிராஜ் இரண்டு தரம் கேட்டான். அடி வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்தக் கணவாய் பார்த்ததில்லை.