சுவாமி வராத ஒழுங்கை

லண்டனின் சட்டன் பகுதியில், வாசுதேவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கண்டல்வெளியின் வரைபடம் விரிந்து கிடந்தது. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியின் தெற்குக் கரையில், கடல்நீரேரியை ஒட்டிய சிற்றூர். அதன் வரலாற்றை லண்டன் ஊர்ச்சங்கம் முதன்முறையாகப் புத்தகமாக்குகிறது. வரைபடம் சங்கத் தலைவர் வாசுதேவன் கையால் கீறியது. பக்க வடிவமைப்பு சிவரூபினியுடையது. மாலைக்குள் அச்சகத்துக்கு அனுப்பவேண்டும்.

சிவரூபினி குனிந்து படத்தைப் பார்த்தாள். குளத்துக்குத் தெற்கே வெறும் வெள்ளைத்தாள். அவள் பிறந்து வளர்ந்த ஒழுங்கை, அந்தக் குறுகிய தெரு, அங்கேதான்.

"அண்ணை, குளத்துக்கு அங்கால ஒண்டுமில்லையே?"

"அது வெளிதானே, பிள்ளை."

"எங்கட வீடுகள் இருந்தது."

பொருளாளர் சயந்தன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தான். "இப்ப ஒண்டுமில்லை. சண்டைக்கால ஷெல்லடியில எல்லாம் தரைமட்டம்."

"உங்கட வீடும் தரைமட்டம்தான். அது படத்தில கிடக்கு, மாமரத்தோட," என்றாள் அவனிடம்.

வாசுதேவனின் முகம் சுருங்கியது. "நான் வேணுமெண்டு விடேல்லை. கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள்ள கோயில் தேருக்குப் பின்னால நடந்து பாத்தன். சுவாமி போன தெருவெல்லாம் கீறினன்."

"எங்கட ஒழுங்கைக்குள்ள சுவாமியை விடுறதில்லை, அண்ணை. உங்கட அப்பாதான் குளக்கட்டில நிண்டு தேரைத் திருப்புவார்."

 வெளியே ஒரு பேருந்து நின்று போயிற்று.

அவளுடைய தாய் அருமைநாயகி ஒவ்வோர் ஆண்டும் தேரன்று வாசற் படலையில் நிறைகுடம் வைப்பார். தேரின் மணியோசை நெருங்கி வந்து, பிறகு தேய்ந்துவிடும். சாகும்வரை அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பழசைக் கிளறாதையுங்கோ," என்றான் சயந்தன். "இப்ப அனுப்புங்கோ. அடுத்த பதிப்பில பாப்பம்."

சிவரூபினி மடிக்கணினியை மூடினாள். "இந்தப் படத்தோட அனுப்பமாட்டன்."

"அப்ப வெளியீட்டு விழா?" என்றான் சயந்தன்.

"நடத்துங்கோ. புத்தகம் இல்லாமல்."

"வெருட்டிறியளோ?"

"ஓம்."

 மடிக்கணினியைப் பைக்குள் வைத்தாள்.

வாசுதேவன் பென்சிலை எடுத்தார். குளத்தின் தென்மூலையில் ஒரு கோடு தொடங்கி, விரலகலம் கீறி நிறுத்திவிட்டார். 

"இதுக்கு அங்கால நான் காலே வைச்சதில்லை," என்றார். "எந்தப் பக்கம் திரும்பும்?"

சயந்தன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். முன்கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"கிழக்கால," என்றாள் சிவரூபினி. "முதல்ல கிணறு வரும்."