பாவு காயும் தெரு

அப்பாவின் நெற்றியில் பூசிய விபூதி கண்ணிமையில் சிந்தியிருந்தது. காயத்ரி அதை விரலால் துடைத்துக்கொண்டிருந்தபோது கவுன்சிலர் துளசி உள்ளே வந்தார். மாலை போட்டார், கும்பிட்டார், ஆனால் போகவில்லை. எதற்காக நிற்கிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

வார்டில் மிச்சமிருந்த மண்தெரு இது ஒன்றுதான். சிமெண்ட் போடலாமா வேண்டாமா என்று தெரு இரண்டுபட்டு, கடைசியில் முடிவைக் காயத்ரியின் அப்பா பஞ்சாட்சரத்திடம் விட்டிருந்தது. அவர் மசியவில்லை.

"சிமெண்ட்ல முளை எங்க அடிப்ப? பாவை உன் தலையிலயா விரிக்கிறது?" என்பார் மகளிடம்.

பாவு என்பது தறியில் ஏற்றும் பட்டு இழைகள்; அவற்றைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டும். அதைக் கட்டும் முளைக்குச்சி மண்ணில்தான் இறங்கும். காயத்ரியோ மழைக்குமழை ஸ்கூட்டியோடு சேற்றில் விழுகிறவள். இந்தச் சண்டையில் போன வாரம் முழுக்க அப்பாவிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இனிமேல் பேசவும் முடியாது.

நேற்று காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. தெருவில் எதிர்வீட்டுக் கலியாணசுந்தரத்தின் பாவு, கஞ்சி ஈரம் காயாமல் கிடந்தது. ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றுவிட்டது. பாவை அறுத்து வழிவிடக் கலியாணசுந்தரம் கத்தியோடு ஓடினார். பஞ்சாட்சரம்தான் கையைக் காட்டித் தடுத்தார்.

"அறுக்காதப்பா. நான் ஓரமா நடந்துக்கினே போயிடறேன்."

ஸ்ட்ரெச்சர் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. மகள் தோளைப் பிடித்தபடி நடந்தவர் பாதித் தெருவில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். முட்டாள்தனம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். பாவை அறுத்தால் ஒரு வீட்டின் பல நாள் பிழைப்பு போய்விடும்; இந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இப்போது கலியாணசுந்தரம் துளசியின் முன்னால் வந்து நின்றார்.

"ரோட்டைப் போட்டுடும்மா. என் பாவாலதான் அண்ணன் போயிட்டாரு."

"தெரு அவருகிட்டதான விட்டுது. அவரு வீட்டுல சொல்லட்டும்பா" என்றார் துளசி.

எல்லோரும் காயத்ரியைப் பார்த்தார்கள். எத்தனை நாளாக அவள் கேட்ட ரோடு! இப்போது 'போடுங்கள்' என்றால், நீதான் கொன்றாய் என்று அந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். 'வேண்டாம்' என்றால் நாளைக்கு இன்னொரு வீட்டு ஆம்புலன்ஸ் முனையில் நிற்கும்.

அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா கமலாட்சி தலையை நிமிர்த்தினாள்.

"கலியாணம், பாவு காஞ்சிதா?"

"காஞ்சிடுச்சி அண்ணி."

"இழை எதுனா போச்சா?"

"ஒண்ணுகூடப் போவல." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

காயத்ரி எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே சொன்னாள்.

"போட்டுடுங்கக்கா. ஆனா சித்தப்பா மேல ஒரு தப்பும் இல்ல. அப்பாதான் நடந்தாரு. நான்தான் கூட்டிக்கினு போனேன்."

துளசி தலையாட்டினார். கலியாணசுந்தரம் அவள் கையை விடவே இல்லை.

பாடையைத் தூக்கினார்கள். தெருவில் இன்று பாவு இல்லை, ஒரு முளைகூட இல்லை. ஆனாலும் தூக்கியவர்கள், யாரும் சொல்லாமலே, வீட்டுச் சுவர்களில் தோள் உரச ஓரமாகவே நடந்தார்கள். பின்னால் போனவர்களும் அப்படியே போனார்கள். பெண்கள் முனையோடு நின்றார்கள். திரும்பி வருகையில் காயத்ரி பார்த்தாள். பொரியும் சாமந்தியும் சுவரோரமாகவே சிந்திக் கிடந்தன. நடுத்தெருவில் ஒரு பூகூட விழவில்லை.