பக்கச் சுவர்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. என் அக்காவிடமிருந்து பிடுங்கினேன். உயிர்காப்பாளர் சான்றிதழ்த் தேர்வுக்கு அவள் போன அன்று துணைக்குப் போயிருந்தேன். அவளுடைய துண்டுக்கும் செருப்புக்கும் காவலாகப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். திரும்பி வரும்போதே கேட்டுவிட்டேன், "அக்கா, இதைக் கதையா எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ. ஆனா என்னைக் குண்டுன்னு மட்டும் எழுதின, அப்புறம் உன்கூடப் பேச்சே கிடையாதுடி."

ஆகவே: வாட்டசாட்டமான என் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறாள்.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டையும் பாருங்கள்.

*நீலத் தண்ணீரின் மேல் காலைச் சூரியன் தங்கத்தை உருக்கி*

(நிறுத்திவிட்டேன். அது கூரை போட்ட குளம். சூரியனுக்கு உள்ளே அனுமதி கிடையாது. எல்லாம் டியூப்லைட் வெளிச்சம்தான்.)

*நாற்பத்தாறு வயதில் ஒரு பெண் தன்னைத் தானே கண்டடைகிற*

(இதுவும் வேண்டாம். அக்கா எதையும் கண்டடையப் போகவில்லை. காலையில் நீந்த ஒரு மணி நேரம் வேண்டும் என்றுதான் போனாள்.)

விஷயம் இதுதான். அந்தக் குளத்தில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று இருந்தது. காவலுக்கு இருந்த பெண் வேறு ஊருக்குக் குடிபோனதும் அந்த நேரத்தையே ரத்து செய்துவிட்டார்கள். அக்காவும் அவள் கூட்டாளிகளும் திரண்டு போய் மேலாளரைக் கேட்டார்கள்.

"நான் என்னம்மா பண்றது? சான்றிதழ் வாங்கின ஒரு பொம்பளையைக் கூட்டிட்டு வாங்க. அன்னைக்கே திறந்துவிடறேன்."

எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்களாம். "மறுநாளே போய்ப் பயிற்சிக்குப் பேர் கொடுத்துட்டேன்" என்றாள்.

அத்தான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "முழுகுறவங்களை நீ தூக்குறது இருக்கட்டும், உன்னை யாரு தூக்குவா?" என்று சிரித்தார். அன்று தனக்கு வேண்டிய சாப்பாட்டை அவரே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

3

இங்கே ஒரு ஆளைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவரத் தயக்கமாக இருக்கிறது. பருமனான மனிதர் ஒருவரைக் கதைக்குள் இறக்கினால், சிரிப்பு மூட்டத்தான் இறக்கினேன் என்பீர்கள். என்ன செய்ய, அவர் நிஜமாகவே இருக்கிறார். ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. அக்காவோடு சேர்ந்து பயிற்சிக்கு வந்தவர். முதல் நாளே, "என்னை யாராலும் நகர்த்த முடியாதுங்க, நான் பீரோ மாதிரி" என்று சொல்லித் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார்.

பயிற்சியில் ஒருவர் முழுகுகிறவராக நடிப்பார், மற்றவர் தாடையைப் பிடித்து மல்லாக்க இழுத்து வர வேண்டும். பயிற்சியாளரான இளம்பெண் யோசிக்காமல் அக்காவையும் பீரோவையும் ஜோடி சேர்த்துவிட்டாள்.

"மன்னிச்சிடுங்கக்கா, வரும்போது ரெண்டு பன் சாப்பிட்டுட்டேன்."

"பன்னு ஒண்ணும் கனக்கலை. கழுத்தை விறைக்காதீங்க, அதுதான் கனக்குது. தலைக்கு ஷாம்பூ போட வந்திருக்கோம்னு நினைச்சுக்கிட்டு என் கையில விடுங்க."

அவர் விட்டார். பீரோ மிதந்தது.

4

தேர்வு நாள். நீச்சலில் அக்கா தேறினாள். ஆழத்தில் கிடந்த ரப்பர் செங்கல்லையும் முழுகி எடுத்து வந்தாள். மிச்சம் இருந்தது மீட்பு. குளத்தின் நடுவில் இருக்கும் பீரோவை, தேர்வாளர் நிற்கும் கடைக்கோடிச் சுவர் வரை இழுத்து வர வேண்டும். நடுவில் வேறு எந்தச் சுவரையும் தொடக்கூடாது.

பாதி வழியில் பீரோ கைகளை வீசி அடித்தார். தண்ணீர் பெஞ்சு வரை தெறித்தது.

"என்னமா நடிக்கிறாரு!" என்று தேர்வாளர் மெச்சினார்.

பீரோ அக்காவின் காதருகே சொன்னது கரையில் இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை: "அக்கா, நெஜமாவே கால் இழுக்குது. தண்ணி குடிச்சிட்டேன்."

(தேர்ந்த எழுத்தாளர் யாராவது இந்த இடத்தில் ஒரு பக்கத்துக்கு மனப் போராட்டம் எழுதியிருப்பார். நானும் ஆசைப்பட்டு, "அப்ப உன் மனசுல என்னக்கா ஓடிச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஓடலை. எந்தச் சுவர் கிட்டன்னு பார்த்தேன்" என்றாள். அதற்கு மேல் எப்படி நீட்டுவது?)

கிட்ட இருந்தது பக்கச் சுவர். அக்கா திரும்பினாள்.

தேர்வாளர் விசில் ஊதினார். "அங்க இல்லம்மா! இங்க வரணும்!"

"நடிப்பு இல்ல சார்! கால் இழுத்துக்கிச்சு!"

பயிற்சியாளர் ஓடிப்போய்க் குதித்தாள். இருவருமாக அவரைக் கரையேற்றினார்கள். அக்கா அவர் பாதத்தைப் பிடித்து விரல்களை முழங்கால் பக்கமாக மடக்கி அழுத்தினாள். கெண்டைச் சதை மெல்லத் தளர்ந்தது.

"உங்க தேர்வைக் கெடுத்துட்டேனேக்கா..."

"உயிரோட இருந்து கெடுத்தீங்களே, அது போதும்."

5

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: தேர்வாளர் கண் கலங்கி, "இதைவிட வேற என்னம்மா தேர்வு?" என்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். (அடித்துவிட்டேன். அவர் கண் கலங்குகிற ஆள் இல்லை.)

இரண்டு: "விதின்னா விதிதான்" என்று அனுப்பிவிடுகிறார். அக்கா நனைந்த தலையோடு பேருந்தில் (இதையும் அடித்துவிட்டேன். அவர் அவ்வளவு கல்நெஞ்சரும் இல்லை.)

நடந்தது வேறு. அவர் அக்காவின் எதிரே வந்து குந்தி உட்கார்ந்தார்.

"நீங்க செஞ்சதுதான் சரி. ஆனா கடைசி வரைக்கும் இழுத்து நான் பார்க்கலையே. பார்க்காம எப்படிம்மா கையெழுத்துப் போடறது? நாளைக்கு உங்களை நம்பித்தானே அத்தனை பேரும் தண்ணில இறங்குவாங்க?"

அக்கா எழுந்துகொண்டாள். "நியாயம்தான் சார். மூச்சு வாங்கிக்கறேன்."

பீரோ இன்னும் காலை நீட்டியபடி தரையில் கிடந்தார். தேர்வாளர் அவரைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு, போட்ட பனியனோடு குளத்தில் இறங்கினார்.

"வாங்க. என்னை இழுங்க."

ஒல்லி மனிதர்தான், ஆனால் துளியும் கருணை காட்டவில்லை. கிட்டே போனதும் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவள் சட்டென்று நீருக்குள் நழுவி, அவருக்குப் பின்னால் எழுந்து, தாடையைப் பிடித்தாள்.

"கழுத்தை விறைக்காதீங்க சார்!"

6

அக்கா மல்லாந்து, ஒற்றைக் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வருகிறாள். வேகம் குறைகிறது. பீரோ நொண்டிக்கொண்டே கரையோரம் கூடவே வந்து, "வாங்கக்கா, வந்துட்டீங்கக்கா!" என்று கத்துகிறார். நான் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. மடியில் இருந்த துண்டு தண்ணீரில் கிடக்கிறது. சுவருக்கும் அவளுக்கும் நடுவே இன்னும்

இந்த வாக்கியத்தை முடிக்கலாமா என்று கேட்க, இன்று காலை அக்காவுக்கு ஃபோன் போட்டேன். எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல். பெண்களின் சிரிப்பு, தண்ணீரில் யாரோ தொப்பென்று குதிக்கிற சத்தம்.

"அக்கா, கதையோட முடிவை எப்படி எழுதட்டும்?"

பதிலுக்கு ஒரு விசில் என் காதைக் கிழித்தது.

"ஏய், அந்தப் பக்கம் ஆழம்! கிட்ட வா!" என்றாள், எனக்கல்ல. பிறகு எனக்கு, "அப்புறம் பேசறேண்டி."

வைத்துவிட்டாள். மிச்ச வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.