நாலு பேருக்கு ஒரு பூட்டு

முதுகில் மூட்டையோடு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கியூபெக்கின் பழைய நகரத்தில், இந்த மலிவு விடுதியின் வரவேற்பு மேசையில் பதினொரு வருடம் உட்கார்ந்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். கையில் காசில்லை என்பதில் எனக்கு ஒன்றும் இல்லை, நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் காசில்லாததையே ஒரு பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரிகிறவனைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

கானர் அப்படி ஒருவன். ஹாமில்டனிலிருந்து மூன்று நண்பர்களை இழுத்துக்கொண்டு வந்திருந்தான். எங்கள் சமையலறையில், ஊருக்குக் கிளம்புகிறவர்கள் விட்டுப்போகும் பாஸ்தா, எண்ணெய், ஜாம் எல்லாம் ஓர் அலமாரியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வந்த அன்றே அதை வழித்துத் துடைத்துவிட்டான். எதிர்க்கடையில் ஒரே ஒரு தட்டு ‘பூட்டீன்’, அதாவது சீஸும் குழம்பும் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல், வாங்கி நாலு முள்கரண்டி கேட்டானாம். கடைக்காரி என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "நாங்க டூரிஸ்ட் இல்லைங்க, டிராவலர்ஸ்" என்று என்னிடமே சொன்னான். பாத்திரம் கழுவும் தொட்டியில் காலுறை அலசுகிறவன் தனக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டால் எனக்கென்ன.

விடுதியில் ஒவ்வொருவருக்கும் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. பூட்டை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். இவர்கள் நாலு பேர் சாமானையும் ஒரே பெட்டியில் திணித்து ஒரே பூட்டைத் தொங்கவிட்டார்கள். சாவி கானரின் கழுத்துக் கயிற்றில். தனித்தனிப் பூட்டு தண்டச்செலவாம். இந்த மூளைக்கு அவனே தன் முதுகைத் தட்டிக்கொண்டான்.

அவர்களில் மேவ் என்ற பெண் மட்டும் என்னிடம் எங்கள் ஊர் மொழியான பிரெஞ்சில் பேசப் பார்ப்பாள். அவள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவேன். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். உச்சரிப்பு கொஞ்சம் தடுமாறினால் போதும். கேட்டால், உதவி என்போம்.

மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்கு, குளித்த தலையோடு, தூங்கும்போது போட்டிருந்த பனியனோடு மேவ் என் மேசைக்கு வந்து நின்றாள். மற்ற மூவரும் ஏழு மணிக்கே மொன்மொரன்சி அருவிக்குப் போயிருந்தார்கள். பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்தே போயிருந்தார்கள்.

"மேடம், பெட்டியத் தொறக்கணும்," என்றாள் பிரெஞ்சில். "கானர் சாவியோட போயிட்டான். ஃபோன் எடுக்க மாட்டேங்கறான்."

"பூட்டு யாரோடதோ அவங்க வரணும். அதான் இங்க விதி," என்றேன் ஆங்கிலத்தில். "சாயங்காலம் வந்துருவான்ல."

"சாயங்காலம் வந்து பிரயோஜனமில்ல. பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூ. லிமுவாலுல ஒரு குழந்தைங்க காப்பகத்துல. போலீஸ் சான்றிதழ், முதலுதவி சான்றிதழ், ரெண்டும் ஒரிஜினல் கொண்டு வரணும்னாங்க. ரெண்டும் உள்ள மாட்டிக்கிச்சு. என் நல்ல சட்டையும்."

"அவங்கிட்ட சொல்லி சாவிய வாங்கி வெச்சிருக்கலாமே."

"சொன்னா சிரிப்பான். உன் பிரெஞ்சுக்கு எவன் வேலை குடுப்பான்னு கேப்பான்." மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். "நீங்களும் அதத்தான் சொல்றீங்க. மூணு நாளா நான் பிரெஞ்சுல கேக்கறேன், நீங்க இங்கிலீஷ்ல பதில் சொல்றீங்க. ஏன் அந்த வேலைய கேக்கறேன் தெரியுமா? குழந்தைங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் எவ்வளவு தப்பாப் பேசினாலும் அதுங்களால இங்கிலீஷுக்கு மாற முடியாது."

அவ்வளவையும் பிரெஞ்சில்தான் சொன்னாள். பாதி வாக்கியம் ஒடிந்துதான் வந்தது. ஆனாலும் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை. முதல் நாளிலிருந்தே புரிந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கானரைப் பார்த்து உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்த நான், இந்தப் பெண்ணிடம் அவன் செய்ததைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மேசைக்கு அடியிலிருந்து பூட்டு வெட்டும் பெரிய கத்திரியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவன் வாங்கிய பூட்டின் தரம் எனக்குத் தெரியும். ஒரே அமுக்கில் கழன்று விழுந்தது.

"யூவில் சதுக்கத்துல பஸ் வரும், ஓடு," என்றேன். "அங்க யாராச்சும் இங்கிலீஷுக்கு மாறினா நீ மாறாத. பிரெஞ்சுலயே பேசுங்கன்னு கேளு." அவளிடம் நான் பிரெஞ்சில் பேசியது அதுதான் முதல் தடவை. பதில் சொல்லக்கூட நிற்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

நாலு மணிக்குக் கானர் வந்தான். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது, ஒரு காலை நொண்டினான். மாடிக்குப் போனவன் வெட்டுப்பட்ட பூட்டோடு இறங்கி வந்து மேசையில் போட்டான்.

"யார் வேலை இது?"

நான் பிரெஞ்சில் பதில் சொன்னேன்.

"இங்கிலீஷ்ல சொல்லுங்க. உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே."

மறுபடியும் பிரெஞ்சிலேயே சொன்னேன், இன்னும் நிதானமாக. அவனோடு திரும்பி வந்திருந்த நண்பர்கள் இருவரும் கூரையைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு மேவ் உள்ளே வந்தாள். நேர்காணல் என்னவாயிற்று என்று அவள் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மேவ், இந்தம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லு," என்றான் கானர்.

நான் மூன்றாம் தடவையாகச் சொன்னேன். மேவ் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"பூட்ட அவங்கதான் வெட்டினாங்களாம். போக வர இருபத்தஞ்சு கிலோமீட்டர் நடந்து பஸ் காச மிச்சம் பிடிச்சிருக்கியே, அதுல புதுசு வாங்கிக்கச் சொல்றாங்க. இன்னொண்ணும் சொல்றாங்க. திங்கக்கிழமை மேவ் இந்த ஊர்ல வேலைக்குச் சேர்றாளாம். நீங்க மூணு பேர் மட்டும் ஊருக்குக் கிளம்பணுமாம்."

கானர் நம்பாமல் என்னைப் பார்த்தான். அந்த இரண்டாவது விஷயத்தை நான் சொல்லவே இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.