நாற்பது பச்சை, ஒரு சிவப்பு

2006ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டத்தில் தோற்ற அந்தச் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு அருமைநாயகி லண்டனில் நாற்பது வீடுகளில் ஒரே நேரத்தில் தேத்தண்ணி குடித்தார். நாற்பத்தோராவது வீட்டில் சண்டை பிடித்தார். அந்த நேரம் அவர் மோர்டனில் தன் குசினியில் வெங்காயமும் உரித்துக்கொண்டிருந்தார். மகள் விதுஷாவின் கலியாணத்துக்குச் சொல்ல அவர் கண்டுபிடித்த வழி அது. வெறுமனே தபாலில் அழைப்பிதழ் போட்டால் நம்மவர்கள் வருவார்களா என்ன? "வீட்டை வந்து சொல்லேல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கணவர் புவனேசனுக்கோ கிழமையில் ஆறு நாள் ஷிப்ட். அருமைநாயகிக்கு முழங்கால் வருத்தம். மேற்கே ஈலிங் எங்கே, கிழக்கே பார்க்கிங் எங்கே!

கவுன்சில் நடத்திய அழகெழுத்து வகுப்பில் சேர்ந்து, ஐந்து நிறத்தில் மை வாங்கி, எது கடித உறையில் ஊறாமல் நிற்கிறது என்று மாசி மாதமே பார்க்கத் தொடங்கியிருந்தார். தொட்டெழுதும் பேனாவால் பெயரை எழுதி, மூலையில் ஒரு நிறைகுடம் கீறி, சிநேகிதிகளுக்கு அனுப்பினார். உறை போய்ச் சேர்ந்த வீட்டு வாசலில் அவரே மணியடித்துக்கொண்டு நின்றார். இது எப்படி என்று அவர் மண்டையைப் போட்டு உடைக்கவில்லை; எந்த மை நல்லது என்பதுதான் அவருடைய யோசனை. நீல மையில் போனவர் நல்ல மரியாதைக்காரி, ஆனால் கதிரை நுனியைவிட்டு அசையவில்லை. மஞ்சள் சிரித்துச் சிரித்தே வந்த அலுவலை மறந்தது. ஊதா, போன வீட்டுக் குமரின் வயதைக் கேட்டது. சிவப்போ, 1989இல் இரவல் போய்த் திரும்பாத சேலையைக் கிளறி ஊரைக் கூட்டியது. பச்சைதான் சோக்கான மை. பிள்ளைகளைச் சுகம் விசாரித்து, ஒரு பயத்தம்பணியாரம் மட்டும் எடுத்து, "கட்டாயம் வரவேணும்" என்று எழும்பி, பஸ் தரிப்பிடம் வரை நடந்து காணாமற்போனது.

ஆனால் கிழக்கு லண்டன் பார்க்கிங்கில் தனியாக இருந்த அண்ணன் ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் பச்சையும் எடுபடவில்லை. விதுஷா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டுக்கு அழைப்பிதழைத் தபாலில் அனுப்பியதற்காக, பதினொரு வருடமாய் அவர் தங்கையோடு பேச்சில்லை. அவருடைய பெண்சாதி செத்ததைக்கூட அருமைநாயகி மூன்றாம் ஆள் சொல்லித்தான் அறிந்தார். ஆனி மாதம் போன பச்சையை அண்ணன் திரைச்சீலை நீக்கிப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார். பச்சையும் மரியாதையாகத் திரும்பிவிட்டது. தாய்மாமன் இல்லாமல் பிள்ளையை மணவறையில் இருத்துவதா? அருமைநாயகி வாய்விட்டு அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிவப்பில் நிறைகுடம் கீறினால் எப்படியிருக்கும் என்று ஒரு பழுதான உறையில் கீறிப் பார்த்தார். கை தன்பாட்டில் அண்ணனின் பெயரையும் விலாசத்தையும் எழுதிவிட்டது. காயட்டும் என்று மேசையில் விட்டதை, அடுத்த நாள் புவனேசன் மற்ற நாற்பதோடும் அள்ளிக்கொண்டுபோய்த் தபாற்பெட்டியில் போட்டார்.

பார்க்கிங்கில் சிவப்பு மணியடிக்கவில்லை, கதவை இடித்தது.

"அண்ணை, திற கதவை. ஒரு தாளுக்குப் பதினொரு வருசமோ? அண்ணி செத்ததுக்கும் சொல்லேல்லை. நான் ஆர் உனக்கு?"

திருப்பி ஏசுவதற்காகத்தான் அவர் கதவைத் திறந்தார். "தாய்மாமனுக்குத் தபால்காரனை விட்டுச் சொன்னவள் நீதானே?" மூன்று மணித்தியாலம் கொடுவாக் கத்தியாய் வெட்டிக்கொண்டு போனது வாக்குவாதம். மோர்டனில் அருமைநாயகியின் தொண்டை கட்டியது, நெஞ்சு லேசாகியது. பகல் ஒரு மணிபோல ஸ்ரீஸ்கந்தராஜா களைத்துப்போய், "சாப்பிட்டனியே?" என்று கேட்டார். இல்லை என்றதும் சோறு போட்டார். நாற்பது பச்சைகளும் எப்போதோ பஸ் தரிப்பிடத்தில் மறைந்துவிட்டன. சிவப்பு போகவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்று பின்னேரமும் சண்டை பிடித்தது, பாத்திரம் கழுவியது, அங்கேயே தங்கிவிட்டது.

ஆவணியில் கலியாண மண்டபத்துக்கு ஸ்ரீஸ்கந்தராஜா பட்டு வேட்டியோடு, பக்கத்தில் அந்த அருமைநாயகியையும் கூட்டிக்கொண்டு வந்தார். சனம் இரண்டு பேரையும் பார்த்தது. சேலை எடுப்பாயிருக்கு என்று மட்டும் சொன்னது. தாய்மாமன் மணவறைக்கு ஏறுமுன் மூத்த தங்கையிடம், அதாவது பெற்றவளிடம், மெல்ல வந்தார்.

"தங்கச்சி, இவளை நான் திருப்பித் தரமாட்டன். வீட்டில சத்தம் கேட்டு எவ்வளவு காலம்."

"வைச்சிருங்கோ அண்ணை," என்றார் அருமைநாயகி. "எனக்கு இனி அவ தேவையில்லை."

சாப்பாட்டுப் பந்தியில் இருவருக்கும் இலை போட்டார்கள்.