ஐந்து நிமிடம் ஓடவிட்ட குழாய்

தண்ணீர் பரிசோதகர் சுத்தம் பார்ப்பதில் படு கறார். எந்த வீட்டுக்குப் போனாலும் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டுத்தான் பாட்டிலை நீட்டுவார். "இவரு தண்ணியையே குளிப்பாட்டுற ஆளு" என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். மனிதர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

தங்கை கைக்குழந்தையோடு அந்தப் பழைய வீட்டுக்குக் குடிபோனபோது அவர்தான் தண்ணீரைச் சோதித்தார். "கண்ணை மூடிக்கிட்டுக் குடிம்மா" என்றார். விடிந்ததும் குழாயில் வரும் முதல் தண்ணீரைக் காய்ச்சித்தான் அவள் குழந்தைக்குப் பால் பவுடர் கரைத்தாள்.

பையனுக்கு இப்போது நாலு வயது. சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேச வரவில்லை. ரத்தத்தில் ஈயம் என்றார் டாக்டர். தங்கை பொம்மைகளை மூட்டை கட்டி வீசினாள். உரிந்த பெயிண்டைச் சுரண்டித் தள்ளினாள். "பெத்தவ நானே கவனிக்காம விட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணீரை மட்டும் சந்தேகப்படவில்லை. அண்ணன் பார்த்த தண்ணீராயிற்றே!

அண்ணனுக்குத்தான் உறுத்தியது. ஒரு நாள் விடியற்காலை, யாரும் குழாயைத் தொடுவதற்கு முன்னால் வந்து முதல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார். இருக்கலாம் என்கிற அளவைப் போல ஆறு மடங்கு ஈயம். இரவெல்லாம் பழைய ஈயக் குழாய்க்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர் அது; காய்ச்சினாலும் ஈயம் போகாது. தங்கை குடிவந்த அன்றைக்கு அந்த விஷத்தை எல்லாம் ஐந்து நிமிடம் சாக்கடைக்கு ஓடவிட்டு, பின்னால் வந்த நல்ல தண்ணீரைச் சோதித்திருக்கிறார், மகா புத்திசாலி!

கமுக்கமாகக் குழாயை மாற்றிக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவள் ஆயுசுக்கும் தன்னையே நொந்துகொண்டிருப்பாள். அதை அவரால் தாங்க முடியாது. நேரே சமையலறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"உன் மேல தப்பே இல்லம்மா. எல்லாம் நான் பண்ணினது."

வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று நினைத்தார். அவள் மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரியாயிடுமா அண்ணா?"

"இனிமே ஏறாம பாத்துக்கலாம். போனது திரும்புமான்னு... தெரியலம்மா."

மகன் தலையைத் தடவிக்கொண்டிருந்தவள் திடுக்கென்று நிமிர்ந்தாள். "ஐயோ, மாடி வீட்டுப் பொண்ணு! ஏழு மாசம் அண்ணா அவளுக்கு. தண்ணி எப்படின்னு கேட்டா. எங்கண்ணன் பாத்த தண்ணி, தாராளமா குடின்னு நான்தான் சொன்னேன்."

பரிசோதகர் செருப்புகூட மாட்டாமல் படியேறினார். கதவைத் திறந்தவள் மேடிட்ட வயிற்றில் ஒரு கையை வைத்தபடி சிரித்தாள்.

"வாங்கண்ணா! ஏன் இப்படி மூச்சு வாங்குது? உட்காருங்க, முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க."